கொடி போட்ட வண்டி

என் கணவரைத் தூதராக ஏற்றுக்கொள்ள நான் பிறந்த நாடு மறுத்துவிடும் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். மறுப்பதற்கு அவர்களுக்கு நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான். ஆனால் கேட்ட வாரமே சம்மதம் வந்துவிட்டது. "பரவாயில்லையே, உங்க ஊரு மாறிடுச்சு போல" என்றார் அவர். கேட்டதும் கொடுக்கிற வழக்கம் அந்த ஊருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

ஆனாலும் கிளம்பினேன். என் தம்பி அங்கே சிறையில் இருந்தான்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஊர்வலம் போனவர்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடவே வந்த போலீஸ் அதிகாரி எல்லோருக்கும் சாலை விபத்து என்று எழுதச் சொன்னார். ஒவ்வொரு உடம்பிலும் தோட்டா. என்ன சாலையோ, என்ன விபத்தோ! நான் எழுதவில்லை. அந்த வாரமே அம்மாவை இழுத்துக்கொண்டு எல்லை தாண்டினேன். தம்பி மட்டும் வரவில்லை. "பரீட்சை முடிஞ்சதும் பின்னாடியே வரேன்க்கா, நீ போ" என்றான். அவனுக்கு எப்போதும் பரீட்சைதான் பெரிசு.

பல வருடம் கழித்து, எனக்கு இடம் கொடுத்த என் கணவரின் நாட்டில் ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் உட்கார்ந்து அந்த அதிகாரியின் பெயரைச் சொன்னேன். நான் அங்கே வாயைத் திறந்த மாதமே இங்கே தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அதிகாரி இப்போது உள்துறை அமைச்சர். மனுஷன் நன்றாக வளர்ந்துவிட்டார்.

விமான நிலையத்திலிருந்து வரும்போதே சாலையில் மறித்தார்கள். எங்கள் டிரைவர் என் கணவரின் நாட்டுக்காரர். எங்களோடு ஊர் ஊராக வருகிறவர். கதவைத் திறக்கச் சொல்லிப் போலீஸ்காரன் கண்ணாடியைத் தட்டினான். அவர் கண்ணாடியை இறக்கவில்லை. எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சலூனில் முறைக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். தட்டித் தட்டி அவன் கைதான் வலித்திருக்கும். கடைசியில் விட்டுவிட்டார்கள். "வண்டிக்குள்ள இருக்கறது நம்ம நாடு மேடம். ஐயா சொல்லாம திறந்தா என் வேலை என்னத்துக்கு?" என்றார்.

தூதர் மாளிகையில் விளக்குகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு விளக்கிலும் ஒரு காது இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ஏதாவது பேச வேண்டுமென்றால் நானும் அவரும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் ஒன்றாகக் குளியலறையில் இருந்ததில்லை.

எங்களைக் கவனித்துக்கொள்ள வெளியுறவுத் துறை ஒரு பெண்ணை அனுப்பியிருந்தது. வரவேற்பு அதிகாரி. சின்ன வயசு, சலவை மடிப்புக் கலையாத கோட்டு, வாய் நிறைய 'அக்கா'. மனதுக்குள் அவளுக்கு வெல்லக்கட்டி என்று பெயர் வைத்தேன். என் கணவர் தம்பியைப் பற்றி மூன்று கடிதம் எழுதியும் அசையாத ஊரில், அவள் ஒருநாள் வரவேற்பறை சோபாவில் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "வியாழக்கிழமை காலையில உங்க தம்பியைப் பாக்கலாம்க்கா. நானே கூட வரேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. அவள் கையை இல்லை, என் கையை.

புதன்கிழமை மதியம் எங்களுக்கு வரவேற்பு விழா. மேடையில் அமைச்சர் இருந்தார். முடி நரைத்திருந்தது. லாரிப் பக்கத்தில் நின்றபோது இருந்த அதே கழுத்துச் சாய்ப்பு. அவரைப் பார்க்க வேண்டிவரும் என்று தெரிந்துதான் வந்தேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்காமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரின் தொழிலில் ஒரு பாடம் உண்டு. மேடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கு, சிரி, மற்றதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள். எத்தனையோ நாட்டில் எத்தனையோ பொம்மையையும் கம்பளத்தையும் அப்படி வாங்கியிருக்கிறோம். பரிசை மேடையில் மறுத்தால் இரண்டு நாட்டுக்கும் சண்டை என்பார். அதனால் வெல்லக்கட்டி ஒரு வெல்வெட் பெட்டியை நீட்டியபோது அவரும் தலையை ஆட்டினார்.

அமைச்சர் பெட்டியைத் திறந்தார். உள்ளே புத்தம்புது பாஸ்போர்ட். என் படம், என் பழைய பெயர்.

"வழி தவறிப் போன மகள் வீட்டுக்கு வந்திருக்கா" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் காதைப் பிளந்தது. "வாங்கிட்டேன்னு இங்க ஒரு கையெழுத்துக்கா" என்று பேனாவைக் கொடுத்தாள் வெல்லக்கட்டி.

என் கணவருக்கு ஒரு பழக்கம் என்றால் எனக்கு வேறொரு பழக்கம். கொடுத்த காகிதத்தை வேண்டாம் என்று சொன்ன அகதியை நான் பார்த்ததே இல்லை. முகாமில் எத்தனை வருடம் வரிசையில் நின்றிருப்பேன்! எந்தக் காகிதம் என்று கூடப் பார்க்க மாட்டோம். நீட்டினால் வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வோம். கை தானாக நீண்டது. அது போதாதென்று, எழுத மறந்தே போயிருந்த தாய்மொழியில், பள்ளிக்கூடத்தில் போட்ட அதே சுழிப்போடு கையெழுத்துப் போட்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷம்.

சாயங்காலம் அவர் குழாயைத் திறந்துவிட்டு, குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீ என் மனைவிங்கறதாலதான் இங்க உன்னை யாரும் தொட முடியாது. ஆனா இந்த நாட்டுப் பிரஜையா இருந்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதுதான் விதி. மேடையிலயே எனக்குத் தோணியிருக்கணும். நான் மடையன் மாதிரி சிரிச்சுட்டு நின்னேன்."

"திருப்பிக் குடுத்துடலாம்."

"காலையில நானே எடுத்துட்டுப் போறேன். ஆனா வேண்டாம்னு நாம சொன்னாப் போதாது, அவங்க ஏத்துக்கணும். அதுவரைக்கும் நீ வாசப்படி தாண்டாதே."

"நாளைக்கு வியாழக்கிழமை."

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "அதனாலதான் இன்னிக்குக் குடுத்திருக்காங்க."

போகாதே என்று அவர் கெஞ்சினார். நானும் சரி என்றேன். அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். இந்தத் தடவை போகாவிட்டால் அவனை இனி காட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியும் என்பதால்தான் என் முகத்தைப் பார்க்காமலே காலையில் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வேறு வண்டியில் கிளம்பினார்.

நான் டிரைவரைக் கூப்பிட்டேன். வண்டியின் முன்பக்கம் கொடிக்கு உறை மாட்டியிருந்தது.

"கொடியைப் போடுங்க."

"ஐயா இல்லாம போடக் கூடாது மேடம்."

"இன்னிக்குப் போடுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உறையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் போனால் அவனை விடக்கூடும் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். வழியில் டிரைவரிடம் சொன்னேன். "என் நீலச் சால்வையோட ஒரு ஆள் வந்தா என் தம்பி. ஏத்தி, பூட்டி, நேரா தூதரகத்துக்குப் போயிடுங்க. அப்புறம் யார் தட்டினாலும் திறக்காதீங்க."

"நீங்க?"

நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. அந்த மனுஷனின் நல்ல குணமே அதுதான்.

சிறைக்கு இரண்டு வாசல். பெரிய வாசலில் 'வெளிநாட்டுப் பார்வையாளர்' என்று பித்தளைப் பலகை, பக்கத்தில் பூந்தொட்டி. இன்னொன்று ஆள் குனிந்து நுழைகிற இரும்புக் கதவு. வெல்லக்கட்டி அந்த இரும்புக் கதவுப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். "இப்ப நீங்க நம்ம ஆளாச்சேக்கா, இந்த வழி" என்றாள். கைப்பையையும் போனையும் வாங்கி ஒரு அலமாரியில் போட்டுப் பூட்டினார்கள். சாவியை எனக்குக் கொடுக்கவில்லை.

ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாசலைப் பார்த்த ஒரு கம்பி ஜன்னல். தம்பியைக் கூட்டிவந்தார்கள். கிழவனாகியிருந்தான். முன்பல் இரண்டு இல்லை. மடிப்பு மடிப்பாகக் கசங்கிய சட்டை போட்டிருந்தான். பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்தது போலிருக்கிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"குண்டாயிட்டேக்கா" என்றான்.

நான் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். வேறென்ன செய்ய? அதன் பிறகுதான் கட்டிக்கொண்டு அழ முடிந்தது.

"என்னை விடறாங்களாம்க்கா! சொந்தக்காரங்க ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போட்டாப் போதுமாம். இந்த நாட்டு ஆளா இருக்கணுமாம். நமக்குத்தான் இங்க யாருமில்லையேன்னேன். இருக்காங்கன்னு சிரிக்கிறாங்க. யாருக்கா அது?"

வெல்லக்கட்டி மேசைமேல் பேனாவை வைத்தாள். பின்னாலிருந்த கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலை எனக்குத் தெரியும். லாரிப் பக்கத்தில் கேட்டது.

"முதல்ல இவன் வண்டியில ஏறட்டும்" என்றேன். "கதவைச் சாத்தினதை நான் ஜன்னல்ல பாக்கணும். அப்புறம் போடறேன்."

அவள் பின்னறைக்குப் போனாள். உடனே திரும்பி வந்தாள். "சரிக்கா" என்றாள். ஒரு பேரம் இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. அவர்களுக்கு இத்தனை வருடமாக வேண்டியிருந்தது அவன் இல்லை. மிச்சமிருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

சால்வையை எடுத்து அவன் தோளில் போர்த்தினேன்.

"வாசல்ல கொடி போட்ட கறுப்பு வண்டி நிக்குது. நேரா போய் ஏறு. யார் கூப்பிட்டாலும் திரும்பாதே."

"நீ?"

"ஒரு கையெழுத்துதானே. பின்னாடியே வரேன், நீ போ."

தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவனுக்கு அக்கா சொன்னால் போதும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீலச் சால்வை முற்றத்தைக் கடந்தது. பூந்தொட்டிகளைத் தாண்டியது. டிரைவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, அமைச்சருக்குச் செய்வதுபோல அவனுக்கு ஒரு வணக்கம் வைத்து ஏற்றினார். கதவைச் சாத்தினார். வண்டி கிளம்பியது.

வளைவில் திரும்பும்போதுதான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், அந்த வார்த்தையை முன்னால் யார் யாரிடம் சொன்னது என்று. பின்கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. வாய் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தான். கதவைப் பிடித்து இழுத்தான், மறுபடி அறைந்தான். கதவு திறக்கவில்லை. திறக்காது. அந்த டிரைவரை எனக்குத் தெரியும்.

கொடி கண்ணுக்கு மறைந்தபின் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். பின்னறைக் கதவு முழுசாகத் திறந்தது. "வாங்கக்கா" என்றாள் வெல்லக்கட்டி. "ரொம்ப நேரமாக் காத்திட்டிருக்காங்க."