பத்தொன்பது விநாடிகள்

ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். பல் துலக்கினான். மாடித் தொட்டி நிரம்பி வழிந்ததும் மோட்டாரை நிறுத்தினான். அவளுடைய கைப்பேசியை எடுத்துச் சார்ஜில் செருகினான். கல்யாணமான ஐந்து வருடமாக இது அவன் வேலை. படுக்கும்வரை அதில் யாருடனாவது சண்டை போடுவாள். காலையில் அது இரண்டு சதவீதத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

செருகிய பிறகுதான் கூடத்தில் அவளைக் கிடத்தியிருப்பது உறைத்தது. பிடுங்கவில்லை. அப்படியே விட்டான்.

திரை ஒளிர்ந்தது. ‘முதல் வரிசை’ குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள்.

முதல் வரிசை என்பது நிகழ்த்துகலை விமர்சகர்கள் பதினேழு பேர் வம்பளக்கும் இடம். பத்திரிகையில் எழுதப் பயப்படுவதை அங்கே எழுதுவார்கள். அவளுக்குப் பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை, மாலையில் கலைக்கூடங்கள், அதற்குப் பிறகு இந்தக் குழு. போன மாதம் ஒரு கலைஞர் ஆறு மணி நேரம் பீங்கான் தட்டுகளை உடைத்து உடைத்து ஒட்டினார். பதினாறு பேரும் சிதைவு, மீட்பு என்று எழுதித் தள்ளினார்கள். இவள் எழுதினாள்: “மூணாவது மணி நேரத்துல அவங்க பாத்ரூம் போனாங்க. ஈரக் கையை ஜீன்ஸ்ல துடைச்சுக்கிட்டே வந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு தட்டுகூட சரியா ஒட்டல. யாரும் பாக்கலையா, இல்ல எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டீங்களா?”

டீ குடிக்கத்தான் போயிருந்தார்கள். இரண்டு நாள் சண்டை நடந்தது.

இன்றைய நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றி. முந்தாநாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கணக்கில் போன குரல் பதிவு. பத்தொன்பது விநாடி. பேச்சு இல்லை. மூச்சும், ஆக்சிஜன் குடுவையில் நீர் கொப்பளிக்கும் சத்தமும் மட்டும்.

‘மொழியைத் துறத்தல்’ என்று ஒருவர். ‘ஏழாவது விநாடியைக் கேளுங்கள். இயந்திரம் மூச்சு விடுகிறது, அவர் விடவில்லை’ என்று ஒரு பேராசிரியை. குழுவின் மூத்தவர், அவள் தாடிக்காரர் என்று சொல்லும் ஆள், நீளமாக எழுதியிருந்தார்: ‘வாழ்நாள் முழுக்க நம் மௌனங்களைக் கேலி செய்தவர், கடைசியில் மௌனத்திடம் சரணடைந்தார்.’ அதற்குப் பதினான்கு இதயங்கள்.

சரணடைந்தார். அந்தச் சொல்லை அவன் இரண்டு முறை படித்தான்.

அந்தப் பத்தொன்பது விநாடி என்னவென்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால், தவறு யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். அதுவும் அவள் அம்மாவை வைத்துக்கொண்டு.

மச்சினன் சமையலறைக்குள் வந்தான். கண் வீங்கியிருந்தது.

“மாமா, அந்த விமர்சகருங்க எல்லாம் ஒன்பது மணிக்கு வர்றாங்க. ஸ்பீக்கர் கொண்டு வர்றாங்களாம். வண்டி வர்றதுக்கு முன்னாடி அக்கா வாய்ஸ ஒரு தடவை போடணுமாம். நான் சரின்னுட்டேன்.”

“யாரக் கேட்டு?”

“பெரிய ஆளுங்க மாமா. அக்காவப் பத்தி என்னமா எழுதியிருக்காங்க தெரியுமா? படிச்சுட்டு அழுதுட்டேன்.”

“புரிஞ்சுதா?”

“இல்ல.”

கூடத்தில் மாமியார் மகளின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“அவ மூச்சு அதுல இருக்காமே, மாப்ள. நான் கேக்கலாமா?”

அவன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டான்.

ஒன்பது மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் கறுப்பு உடையில். தாடிக்காரர் பையிலிருந்து டிபன் டப்பா அளவு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து, அவள் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு வைத்தார். கோணம் சரியாக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார்.

“ரெண்டு நிமிஷம் தம்பி. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டா போதும். அவங்களோட கடைசிப் படைப்பு.”

“அது படைப்பு இல்ல சார்.”

பேராசிரியை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “கூடவே இருந்தவங்களுக்கு அப்படித்தான் தோணும்ப்பா. துக்கம் கண்ண மறைக்கும்.”

அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

“நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் மேடம். நடுவுல நின்னா நின்னுடுச்சுன்னுதான் சொல்லுவேன். தியானம் பண்ணுதுன்னு சொல்ல மாட்டேன்.”

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்.

தாடிக்காரர் முகம் சிவந்தது. “குழுவுல போட்டதுப்பா அது. அவங்களே அனுப்பினது. இப்ப எங்களுக்கும் சொந்தம்.”

அவன் ஸ்டூலருகே போனான். ஸ்பீக்கரை அணைத்தான். எடுத்து அவர் கையிலேயே கொடுத்தான்.

“மாமா, எல்லாரும் பாக்கறாங்க” என்றான் மச்சினன்.

“பாக்கட்டும்.”

அவன் நின்றுகொண்டே சொன்னான்.

“அவ அனுப்பல. நான் அனுப்பினேன். நாலு மணி இருக்கும். தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்த கலைஞரப் பத்தி சார் ஏதோ எழுதியிருந்தீங்க. படிச்சுட்டுப் பதில் சொல்லணும்னா. விரல் கேக்கல. பட்டன நீ அமுக்கிப் பிடி, நான் பேசறேன்னா. பிடிச்சேன். அவளுக்குப் பேச மூச்சு சேரல. சேத்துக்கிட்டே இருந்தா. அதுக்குள்ள நர்ஸ் வந்து, சார் கொஞ்சம் தள்ளுங்கன்னாங்க. தள்ளினேன். கட்டை விரல் எழுந்துடுச்சு. மெசேஜ் போயிடுச்சு.”

மாமியாரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

“அழிச்சிருக்கலாம். அப்போ டாக்டர் ஓடி வந்தாரு, எனக்கு எதுவும் தோணல. அது என் தப்பு. ஆனா அவ யார்கிட்டயும் சரணடையல சார். உங்களத் திட்டறதுக்குத்தான் மூச்சு சேத்துக்கிட்டு இருந்தா.”

தாடிக்காரர் ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவன் உள்ளே போய்க் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சத்தத்தைக் குறைத்து அவள் காதோடு வைத்தான்.

“மத்தவங்களுக்கு இல்ல அத்தை. உங்களுக்கு.”

அவள் கேட்டாள். பத்தொன்பது விநாடியும் கண் இமைக்கவில்லை.

“கோவத்துல இருக்கா” என்றாள். “ரெண்டு வயசுலயே இப்படித்தான். கத்தறதுக்கு முன்னாடி மூக்கால இழுப்பா.”

“ஆமா.”

“அத்தோட சரியா? அதுக்கப்புறம் எதுவுமே பேசலையா, மாப்ள?”

வாசலில் வண்டி வந்து நின்றது. மச்சினன் எழுந்து போனான். அவன் எழவில்லை.

“பேசினா. நர்ஸ் அவ முகத்துல மாஸ்க்க மாட்டப் போனாங்க. அதத் தள்ளி விட்டுட்டு என்னப் பாத்துச் சொன்னா.”

“என்ன சொன்னா?”

“ஏய், அனுப்பிடாத. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.”