தலைக்குத் தலை

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள்: நகராட்சி சுகாதார அதிகாரி, வரிப்பிரிவு கிளார்க், நூலகத்து அம்மா, கொசு மருந்து அடிப்பவர், நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்ற குடிநீர் வால்வு திறப்பவன். கூப்பிடாமல் வந்தவன் அவன் ஒருவன்தான்.

காய்ச்சல் பரவியதும் பள்ளிக்கூடத்தைத் தனி வார்டாக்கியிருந்தார்கள். ஆள் பற்றவில்லை. வால்வுக்காரன் மனைவி வார்டு உதவியாளர். ஒரு வாரம் என்று உள்ளே போனவள். மாற்ற ஆளில்லாமல் மாதம் ஓடிவிட்டது. போனில் பேசும்போதே பாதி வார்த்தையில் தூங்கிப்போவாள். அவன் வைக்காமல் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருப்பான்.

"உள்ளே போக யார் ரெடி?" என்றார் அதிகாரி.

கிளார்க்குக்குச் சட்டென்று முதுகுவலி வந்தது. நூலகத்து அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"நான் போறேன் சார்."

"யோவ், நீ போயிட்டா ஊருக்குத் தண்ணி?"

"கொசு மருந்து அண்ணன் திறப்பாரு. அவருக்குத் தெரியாத தெருவா?"

"என்னைக் கோத்துவிட்டுட்டியேடா பாவி!" என்றார் கொசு மருந்துக்காரர்.

அதிகாரி அப்போதே உத்தரவு போட்டார்.

மறுநாள் இரண்டு டம்ளர்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வேலை முடிந்ததும் வராந்தாவில் இருவரும் உட்கார்ந்து டீ குடிக்கலாம். அவ்வளவுதான் அவன் ஆசை.

பள்ளிக்கூட வாசலில் அவள் பையோடு நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"தலைக்குத் தலைதான்பா," என்றார் காவலாளி. "ஒருத்தர் உள்ள போனா ஒருத்தர் வெளிய. ரொம்ப நாள் இருந்தவங்க முதல்ல."

இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"என்னை விடுவிக்கவா வந்தீங்க?" நெருங்கக் கூடாதென்பதால் எட்டி நின்றே கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

உன்கூட இருக்க வந்தேன் என்று சொன்னால் திரும்பி உள்ளே போய்விடுவாள். அவளை அவனுக்குத் தெரியும்.

"பின்ன? நம்ம பாப்பா எங்க அக்கா வீட்ல உன்னைக் கேட்டு உயிரை வாங்குறா. போ."

அவன் நகர்ந்தபோது பை கலகலத்தது.

"உள்ள என்ன?"

"டம்ளர்."

"ரெண்டா?"

"ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னு."

அவள் அவனையே பார்த்தாள். "எவர்சில்வர் எங்கயாவது உடையுமா?"

"நேரமாச்சுப்பா," என்றார் காவலாளி.

அவன் உள்ளே போனான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டும் விழுந்தது.