ரேணுகாவைப் பார்க்க வருகிறவர்

பெண்களுக்குச் சக்களத்தி என்று ஒரு சொல்லாவது இருக்கிறது. கன்னியப்பனுக்கு ஐம்பது வயதில் வாய்த்தவனை என்ன சொல்லித் திட்டுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டான். ஊர் பேர் கிடையாது. குடி, சீட்டு, குறட்டை என்று ஒரு குறையும் கிடையாது. விடிகாலையில் மாதனூரில் கன்னியப்பன் வீட்டு முன்னறைக்கு வந்து, அவன் மனைவி ரேணுகாவுக்கு எதிரே நின்றுவிட்டுப் போகிறான். கதவு நிலையைவிட உயரம். உடம்பு முழுக்க வெளிச்சம். மார்பு நடுவே நீலமாக ஒரு பொட்டு. எல்லாம் ரேணுகா சொல்லித்தான் தெரியும்.

"காலு இருக்குதா?" என்று கன்னியப்பன் ஒருநாள் கேட்டான்.

"பாக்கல. கீழ பனி மாதிரி இருக்குது."

"காலே இல்லாதவன் எப்படி வந்தான்?"

"அவன் இவன்னு பேசாதீங்க. தேவர் அவர்."

சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமான புதிதில், பாலாற்றுப் பாலத்தில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தபோது அந்த முகம் இருந்தது. அதற்குப் பிறகு கன்னியப்பன் அதைப் பார்க்கவில்லை. இப்போது தினமும் பார்க்கிறான். ஆனால் அது அவனுக்கானது இல்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்வீட்டு நந்தினி. மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு ரேணுகா பகலெல்லாம் சீரியல் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள். நந்தினிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ் ஏற்றி, வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே தேவகண தியான நிலையம் நடக்கிறது. நடத்துபவர் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சூரியபிரகாஷ். கடவுளுக்கும் நமக்கும் நடுவில் ஒளியையே உடம்பாகக் கொண்ட தேவகணங்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒருவர் பிறந்த நாளிலிருந்து கூடவே நிற்கிறார், கூப்பிடத் தெரிந்தால் தெரிவார் என்பது அவர் போதனை. நந்தினி வருடக்கணக்கில் கூப்பிடுகிறாள். அவளுக்கு ஒரு மின்மினிகூட வந்தபாடில்லை. ரேணுகாவுக்கு இரண்டாவது மாதமே வந்துவிட்டார். அன்றிலிருந்து நந்தினி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டாள்.

நிலையத்தில் கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். தோல் கூடாது. கொன்ற உயிரின் தோல் இருக்கிற இடத்தில் தேவகணங்கள் இறங்க மாட்டார்களாம். படிக்கட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். பெல்ட், பர்ஸ், செருப்பு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். சென்னைக்காரன் இந்தச் சட்டம் போட்டால் பரவாயில்லை. பக்கத்து ஆம்பூரில் பாதிப் பேர் சோறு தின்பதே தோலில்தான். கன்னியப்பன் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். வந்து இறங்குகிற ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா என்று தேடுவது அவன் வேலை.

ஒரே ஒரு முறை அவனும் மாடி ஏறினான். ஏறினவன் சும்மா இருக்கவில்லை.

"சாமி, சிவனே புலித்தோல் மேலதான உக்காந்திருக்காரு?"

சூரியபிரகாஷ் கண்ணைத் திறக்காமலேயே, "அவர் சிவன். நீங்க சூப்பர்வைசர்," என்றார். மாடியே சிரித்தது. ரேணுகாவும் சிரித்தாள். அதற்குமேல் அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

வீட்டில் சட்டம் ஒவ்வொன்றாக வந்தது. அவன் பை வாசலோடு நின்றது. ஷூ மாட்டுக்கொட்டகைக்குப் போனது. கம்பெனி சட்டை கொல்லைக் கம்பியில் தொங்கியது. குழாயடியில் குளித்த பிறகே உள்ளே வர அனுமதி. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். போட்டிக்கு நிற்பது போல, இரண்டு வெள்ளைச் சட்டைகூட வாங்கி, தலைக்கு டை அடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

ரேணுகா நிமிர்ந்து பார்த்து, "கட்சியில சேந்துட்டீங்களா?" என்றாள்.

அதையும் பொறுத்தான். பொறுக்க முடியாமல் போனது அவள் குரல். ஒரு விடிகாலையில் தண்ணீர் குடிக்க எழுந்தவன், மூடிய முன்னறைக் கதவுக்குப் பின்னால் அவள் பேசுவதைக் கேட்டான். மந்திரம் இல்லை, பேச்சு. "முட்டி வலி உயிர் போவுது. பஸ் படி எறங்கும்போது கம்பியைப் பிடிச்சிட்டு அழுவுறேன். யார்கிட்ட சொல்றது, நீங்களே சொல்லுங்க," என்றாள். பிறகு எதற்கோ கிளுக்கென்று சிரித்தாள்.

முட்டி வலி! கட்டின புருஷனுக்குத் தெரியாத முட்டி வலி அந்த விளக்குக் கம்பத்துக்குத் தெரிந்திருக்கிறது. கன்னியப்பனுக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேறொருத்தன் அவள் கையைப் பிடித்திருந்தால்கூட இந்த அளவுக்கு எரிந்திருக்குமா என்று தெரியவில்லை. அன்று கம்பெனியில் அவன் மேஜைக்கு வந்த நல்ல தோல்கூட ரிஜெக்ட் ஆனது.

சாயங்காலம் நேரே மக்பூல் அகமதுவின் கடைக்குப் போனான். மக்பூல் அவனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். இப்போது ஆம்பூர் பஜாரில் கட்பீஸ் தோல் விற்கிறார்.

"பாய், நல்ல ஆட்டுத்தோல் ஒண்ணு வேணும். மெல்லிசா, கீழ வெச்சா தெரியவே கூடாது."

"இன்னா செய்யப் போற? பர்ஸா?"

கன்னியப்பன் விஷயத்தைச் சொன்னான். மக்பூல் சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டார்.

"எங்கள்லயும் ஃபரிஷ்தா உண்டு. நூர்ல, ஒளியில படைச்சவங்க. ஆனா அவங்க மேல பொறாமைப்பட்டு நான் யாரையும் பாத்ததில்ல தோஸ்த். வீட்ல பேசிப் பாத்தியா?"

"அவதான் பேசுறாளே, தினமும். அவன்கிட்ட."

"நீ பேசினியான்னு கேட்டேன்."

"நீ தோலை எடு பாய், பேஜார் பண்ணாத."

மக்பூல் ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். மேலாக இருந்த துண்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். விரட்டுவதற்கு எந்தத் துண்டாக இருந்தால் என்ன? ஆனால் பழக்கம் விடவில்லை. கன்னியப்பன் ஒவ்வொன்றாகத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒரு கீறல்கூட இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். தேவரை விரட்டுவதாக இருந்தாலும் கீறல் விழுந்த செகண்ட்ஸ் வைத்து விரட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

ரேணுகா தியானத்துக்கு உட்காருவது நான்காக மடித்த ஒரு கம்பளியில். அதன் நடு மடிப்பில் தோலைச் செருகி, தட்டிச் சமமாக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் போய்ப் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை.

"இன்னா ஆச்சு?"

"வர்ல."

"யாரு?" என்றான், வேண்டுமென்றே. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கன்னியப்பனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கம்பெனியில் கேன்டீன் டீயை இரண்டு முறை வாங்கிக் குடித்தான். ஆற்காட்டிலிருந்து வருகிற ஒருத்தரிடம் சொல்லி வைத்து மக்கன் பேடா வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தான். அவள் ஒன்றை எடுத்து, பாதி தின்று, மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். மறுநாளும் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கம்பளி அவன் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. தொட்டுப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆனால் கணக்கு எங்கோ தப்பியது. அங்கே சொல்ல முடியாததை இனி இங்கே வந்து சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தான். கொல்லையில் துணி காயப்போடும்போது போய் நின்றான். அவள் முட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. முன்பு கதவுக்குப் பின்னாலாவது அவள் குரல் கேட்டது. இப்போது அதுவும் இல்லை. எவனும் வராத வீட்டில் கன்னியப்பனும் இல்லாதவன் மாதிரிதான் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சத்துவாச்சாரிக்குப் போய்வந்து, நின்றுகொண்டே சொன்னாள்.

"வீட்டுக்குள்ள எங்கயோ தோல் இருக்குதுன்னு சூரியபிரகாஷ் ஐயா சொல்றார். இல்லன்னா உங்க உடம்புலயே ஊறிப்போயிருக்கும்னு சொல்றார். ஒரு மண்டலம் நிலையத்துலயே வந்து தங்கச் சொல்லிட்டார். காலையில கெளம்புறேன்."

ஒருத்தனை விரட்டப் போய், இவளையே மூட்டை கட்டி அவன் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி ஆகிவிட்டதே! ஒரு மண்டலம் என்பார்கள், அப்புறம் இன்னொரு மண்டலம் என்பார்கள். மாடியில் ரேணுகா கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, அந்த நெடியவன் எதிரில் நின்றுகொண்டு காலை மாலை இருவேளையும் கதை கேட்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்.

காலையில் அவள் பையோடு வாசலுக்கு வந்தபோது குறுக்கே போய் நின்றான்.

"போவாத. தோலு இருக்குது. நான்தான் வெச்சேன்."

அவன் முன்னறைக்கு ஓடி, கம்பளியை எடுத்து உதறினான். ஒன்றும் விழவில்லை. மடிப்பு மடிப்பாகப் பிரித்தான். தூசிதான் பறந்தது.

"இங்கதான் வெச்சேன்! சத்தியமா இங்கதான்..."

ரேணுகா பையைத் திறந்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து அந்த ஆட்டுத்தோலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"மொத நாளே எடுத்துட்டேன். வழியில எங்கயாவது போட்டுடலாம்னு பையில வெச்சேன். இத்தினி வருஷமா உங்க சட்டையைத் தொவைக்கிறேன், அந்த வாசனை எனக்குத் தெரியாதா? உக்காந்ததுமே தெரிஞ்சிது."

"எடுத்துட்டியா? அப்புறம் ஏன் வர்ல அவரு?"

அவள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, கோபமாகவே சொன்னாள்.

"எப்படி வருவார்? கண்ணை மூடினா நீங்கதான் வந்து நிக்கிறீங்க. தினமும். அந்தத் துண்டைக் கையில வெச்சிக்கிட்டு. போங்கன்னு சொன்னாலும் போவ மாட்டேன்றீங்க. தேவருக்குப் பதிலா புருஷன் வர்றாருன்னு அத்தினி பேர் நடுவுல எப்படிச் சொல்றது? அதான் அங்க போயாவது..."

கன்னியப்பனுக்கு மீதி எதுவும் காதில் விழவில்லை. நானா? தினமுமா? கதவு நிலையைவிட உயரமானவனை, நீலப் பொட்டுக்காரனை, தள்ளிவிட்டு நானா நின்றேன்? அந்த நிமிஷம் அவனுக்கு ஆம்பூர் பஜார் முழுக்கப் பேடா வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது.

"நான்தான் வந்தேன் இல்ல? அப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாமே, முட்டி வலியை!"

"சொன்னேன்," என்றாள் ரேணுகா. "மொத நாளே சொன்னேன். நீங்க எங்க கேட்டீங்க? நான் பேசப் பேச, அந்தத் தோலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சி ஓட்டை தேடிக்கிட்டு நின்னீங்க."

கன்னியப்பன் கையைப் பார்த்தான். இப்போதும் தோலை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தான். எப்போது தூக்கினான் என்று அவனுக்கே தெரியாது. கூசிப்போய்க் கையை இறக்கினான். அவள் தியானத்தில்கூட அவனுக்கு அவள் பேச்சு கேட்கவில்லை. அந்த இன்னொருத்தன் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ரேணுகா அவனைத் தாண்டிப் படியில் கால் வைத்தாள். பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினாள். எத்தனை மாதமாக அப்படி இறங்குகிறாளோ. உண்ணி கடித்த தழும்பைக் கண்டுபிடிக்கிற கண் இதைப் பார்க்கவில்லை.

"எந்தக் காலு?" என்றான்.

"இன்னா?"

"வலிக்கிறது எந்தக் காலு?"

அவள் திரும்பினாள். கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இடது. ஏறும்போது ஒண்ணும் இல்ல. எறங்கும்போதுதான்." தனக்குள் சொல்லிக்கொள்வது போல, "அவர் ஒருநாள்கூட எந்தக் காலுன்னு கேட்டதில்ல," என்றாள்.

கன்னியப்பன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். அது அவனால் ஆகிற காரியம் இல்லை. தோலைத் தூக்கி எறியாமல், அதற்கும் மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டு, அவளுக்குக் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தான். ஹைவேயில் வேலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பஸ் போய்டுச்சி," என்றாள்.

"அடுத்த பஸ் வர்ற வரைக்கும் சொல்லு. கேக்குறேன்."

அவள் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே, வலி முதன்முதலில் எப்போது வந்தது என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.