அப்பா பேசிய தட்டு

அந்த வீட்டில் மனிதர் படுக்க ஓர் அறை. கிராமபோன்கள் படுக்க ஓர் அறை. பெரியது எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவள் கணவருக்குப் பிடித்த பைத்தியம் இது. பெட்டி போல மூடித் தூக்கிக்கொண்டு போகிற, சாவி கொடுத்தால் பாடுகிற பழைய கிராமபோன் எந்தக் குப்பையில் கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போய்த் தூக்கி வருவார். கரப்பான் முட்டை இலவசம். பிறகு சாப்பாட்டு மேசையில் அவளுடைய பழைய புடவையை விரித்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, இறுகிப்போன கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவுவார். சோறும் நாறும், தண்ணீரும் நாறும். மூக்கைப் பொத்தினால், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பார், அதுவும் விருந்தாளி முன்னால்.

விருந்தாளிகள் என்றால் அவரைப் போலவே நாலு பேர். இனம் இனத்தோடு. ஒருவர் வாங்கியதை மற்றவர் போலி என்பார். எல்லாரும் அவள் போடும் காபியை மட்டும் அசல் என்று ஒப்புக்கொள்வார்கள்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது, அவளுடைய அம்மாவின் பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு கிராமபோன் தட்டு கிடைத்தது. வேலைக்குப் போன ஊரில் அப்பா ஒரு கடையில் ஏறி, இயந்திரத்தின் முன்னால் பேசி, அதைத் தட்டில் பதிய வைத்து அம்மாவுக்கு அனுப்பியது. ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது அவள் தவழ்கிற குழந்தை, தம்பி வயிற்றில். அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியாது.

செய்தி கேட்டதும் தம்பி போனில் பதறினான். "அக்கா, மாமா கையில மட்டும் குடுத்துடாத. இது கடையில விக்கிற தட்டு இல்ல, மேல பூச்சு மெழுகு மாதிரி இருக்கும். அவரோட ஊசி உழுதுடும். லேசான ஊசி வெச்சு கம்ப்யூட்டர்ல ஏத்துற ஆளைப் பிடிச்சிருக்கேன். சாயங்காலம் நானே வரேன்."

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட கணவர் சிரித்தார். "கம்ப்யூட்டராம்! உன் தம்பி ஒரு ஊசி மாத்தியிருப்பானா அவன் ஜென்மத்துல? எனக்குப் பாடம் நடத்த வந்துட்டான்."

"அவன் வரட்டுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் தட்டு கிராமபோனில் ஏறியிருந்தது. புதுசாக எஃகு ஊசி மாட்டி, சாவியும் கொடுத்து முடித்திருந்தார். மனிதருக்கு ஊர் உலகத்தில் இல்லாத பெருமை.

தட்டு சுழன்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஓர் ஆண் குரல், மெலிசாக, கூச்சத்தோடு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"பாத்தியா, வேகம் துளி குறையல! இந்த ஸ்பிரிங்க நான்தான்..."

"பேசாம இருங்க!"

"இரு, அதைத்தான் சொல்ல வரேன். ஊசிக்கு மேல அதிர்ந்து சத்தம் குடுக்கிற இந்த மைக்கா தகடு இருக்கே, என் கையால வெட்டினது. அந்த நாலு பேர்ல ஒருத்தனுக்கு வருமா இந்தச் சுத்தம்?"

ஊசியின் அடியிலிருந்து கறுப்பாக ஒரு நூல் சுருண்டு சுருண்டு எழுந்தது. அது தட்டின் பூச்சு என்று அவளுக்குப் புரிவதற்குள் தட்டு முடிந்துவிட்டது.

"கேக்கலையா? இன்னொரு தடவை போட்டாப் போச்சு."

போட்டார். சர்ரென்ற இரைச்சல்தான் வந்தது. மனிதக் குரலே இல்லை. ஊசியை மாற்றினார், மறுபடி சாவி கொடுத்தார், கடைசியில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "மட்டமான தட்டு. உங்கப்பா மலிவாப் பாத்து வாங்கியிருக்கார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செத்த மனிதர் மேலேயே பழியைப் போட்ட அந்த வாயைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை வருடம் இந்த ஆளுக்குப் பயந்து வாய் மூடியிருந்தோமே என்று தன் மேலும் ஆத்திரம் வந்தது.

தம்பி வந்தான். சாம்பல் நிறத்தில் உழுதுபோட்டது போலக் கிடந்த தட்டைப் பார்த்தான். மாமா ஸ்பிரிங்கைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நீயாவது கேட்டியாக்கா? என்ன சொன்னாரு அப்பா?"

"'பாப்பா'ன்னு ஒரு தடவை சொன்னார்டா," என்றாள். "மத்ததெல்லாம் உங்க மாமா பேசினாரு."