வலக்கைப் பிடி

ஆனந்தராஜாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பிறேமினிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. லண்டனில் குட்மேய்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கிளப் மண்டபத்தில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு எயார் பிஸ்டல் என்கிற காற்றுத் துப்பாக்கி சுடப் பழக்குகிறவள் அவள். சம்பளம் கிடையாது. பிள்ளைகளோடு ஒரு கரைச்சலும் இல்லை. பெற்றோர்தான் உயிரை வாங்குவார்கள்.

"தங்கச்சி, விலையைப் பாராதேங்கோ. பிள்ளைக்கு நல்ல சாமானாச் சொல்லுங்கோ," என்றார் அவர். மகள் தர்மிகாவுக்குப் பதினொரு வயது. இன்னும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அதற்குள் மனுசன் போனில் படம் படமாகச் சேர்த்துவைத்து, அதிலும் வலக்கைக்கென்றே செதுக்கிய மரப்பிடி போட்ட ஒரு போட்டிப் பிஸ்டல்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

"அண்ணை, அது பிள்ளைக்குப் பாரம். முதல்ல கிளப்பின்ர சின்னப் பிஸ்டலில பழகட்டும். அதின்ர பிடி ரெண்டு கைக்கும் பொது. எந்தக் கை, எவ்வளவு பாரம் தாங்குவா எண்டு பார்த்துத்தான் வாங்க வேணும்."

"அதில பார்க்க என்ன கிடக்கு? வலக்கைதான்," என்று அவர் கதையை முடித்துவிட்டார்.

தர்மிகா வலக்கையால்தான் சுட்டாள். பிஸ்டல் நுனி நடுங்கியது. குண்டெல்லாம் குறி அட்டைக்கு வெளியே போயின. பின்னால் நின்ற அப்பா, "நேராப் பிடி! கையை நீட்டு!" என்று ஓயாமல் கத்தினார். தன் வாழ்நாளில் ஒரு பிஸ்டலைத் தொட்டிராத மனுசன்! பிறேமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

நல்லகாலம், அவருக்கு ஒரு போன் வந்தது. கதைத்தபடி வெளியே போனார். கதவு சாத்தியதும் பிள்ளை பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, "அன்ரி, மற்றக் கையால ஒருக்காச் சுடட்டே?" என்று மெல்லக் கேட்டாள்.

இடக்கையால் தூக்கினாள். கை ஆடவேயில்லை. குண்டு நடு வட்டத்தில் இறங்கியது, அடுத்ததும் அதற்குப் பக்கத்திலேயே. பிறேமினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் அடித்து அடித்து வலக்கைக்குத் திருப்பிய இடக்கைப் பிள்ளைகளை அவளும் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறாள்.

பிள்ளை மறுபடி குண்டு போட்டுக் குறி பார்க்கும்போது கதவு திறந்தது.

"தர்மிகா! எந்தக் கை அது?"

பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினாள். திரும்பியபடியே பிஸ்டலை வலக்கைக்கு மாற்றப் பார்த்தாள். குழல் நேரே அப்பாவின் வயிற்றைப் பார்த்தது. விரல் விசையில் இருந்தது. பிறேமினி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். குண்டு தரையில் பாய்ந்தது.

பிஸ்டலோடு ஆட்கள் பக்கம் திரும்புகிற பிள்ளையைத் மறுபடி சேர்ப்பதில்லை என்பது கிளப்பின் சட்டம். பிறேமினி பிஸ்டலை வாங்கி மேசையில் வைத்தாள். கோபத்தோடு ஆனந்தராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"இது பிள்ளையின்ர பிழையில்லை அண்ணை. கொமிற்றியோட நான் கதைக்கிறன், அடுத்த சனி அவ வரட்டும். நீங்கள் உள்ளுக்கு வராதேங்கோ."

ஆனந்தராஜா முகத்தில் இரத்தமில்லாமல் கதிரையில் இருந்தார். பிறகு, அவருடைய குரலா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளை, உனக்கு எந்தக் கை சுகம்? சொல்லு. அப்பா அந்தக் கைக்கே வாங்கித் தாறன்."

சொல்லம்மா, சொல்லிவிடு என்று பிறேமினி மனதுக்குள் மன்றாடினாள்.

தர்மிகா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வலக்கைதான், அப்பா."