முதலாளியின் ஷூவும் இருபது மாடியும்

ஹாங்காங்கில் ஆண்டுக் கடைசி விருந்தில் கோழித் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு வேலை போச்சு என்பது பழைய வழக்கம். இப்போதெல்லாம் அதைப் பாவம் என்று நினைத்துத் தலையைச் சமையலறையிலேயே வெட்டிவிடுவார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி முதலாளி ஷெக் மட்டும் தலையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார். தட்டு வந்ததும் அவரிடம் வேலை பார்க்கும் காபூய் எழுந்து சுழல் மேசையை மெல்லத் தள்ளினான். கோழியின் அலகு சுய்ட்லிங்குக்கு நேராக வந்து நின்றது.

அவள் எத்தனை வருஷம் லிஃப்ட் குழிக்குள் கிரீஸில் புரண்டவள்! இந்த ஹோட்டலுக்கு எதிர்க் கட்டடத்து லிஃப்டின் கம்பிவடம் நைந்து கிடக்கிறது, 'நல்ல நிலை' என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அதுதான் குற்றம். செலவு என்றதும் முதலாளி முகம் சுளித்தார். உடனே காபூய், வடம் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் என்று ஜால்ரா தட்டினான். இவளைத் துரத்திவிட்டால் நாளைக் காலையில் அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

"சாப்பிடுங்க லிங் அக்கா," என்று இளித்தான். "முதலாளி பாத்துப் பாத்துச் சொன்ன கோழி. அவர் கை பட்டா பச்சத் தண்ணியும் சூப்புதான்!"

"வாயை மூடுடா, ஷூ துடைக்கிறவனே!" சுய்ட்லிங் எழுந்தே விட்டாள். "அவர் உக்காந்தா காலைத் தாங்குற. எந்திரிச்சா நாய் மாதிரிப் பின்னாலயே ஓடுற. நீ தேய்க்கிற தேய்ப்புல ஷூவுல நெருப்பே பத்திக்கப் போகுது!"

பக்கத்து மேசைக்காரர்கள் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்கள்.

"பாத்தீங்களா முதலாளி, பேச்சை!"

"அவ கெடக்கா." ஷெக் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். "லிஃப்ட் நல்லாத்தானே இருக்கு? நீ அதுல இருபதாம் மாடிக்குப் போய் ஜன்னல்லேருந்து கை காட்டு. அதோட இவ வாய் அடைஞ்சிடும்."

காபூய் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான்.

"முதலாளி... படியில ஏறிப் போய்க் கை காட்டட்டுமா?"

ஷெக்கின் முகம் கறுத்தது.

"அங்க இருக்கிற வயசானவங்க படியேற முடியாமத்தானடா அதுல போறாங்க, பாவி!" சுய்ட்லிங் பையிலிருந்து மோட்டார் அறைச் சாவியை உருவினாள். "இப்பவே போய் அந்த லிஃப்டை நிறுத்துறேன். அப்புறம் என் வேலையை யாருக்கு வேணாலும் குடுங்க."