கூடத்து பல்பு

கூடத்து பல்பு மறுபடியும் போய்விட்டது. சலவைக் கடையில் வேலை முடிந்து திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவிட்சைப் போட்டாள். பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டி அணைந்தது. நாற்காலியில் ஏறிக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். உள்ளே அறுந்த கம்பி கிணுகிணுத்தது. சமையலறையில் எரிவதும் இதே கடையில் வாங்கிய இதே பல்புதான். அது குத்துக்கல் மாதிரி இருக்கிறது. கூடத்தில் போடுவதுதான் ஒரு மாதம் தங்குவதில்லை. "பல்ப வாங்கிட்டுப் போய் என்னம்மா பண்றீங்க, தாளிக்கிறீங்களா?" என்று கடைக்காரரே கேட்டுவிட்டார்.

எலக்ட்ரீசியன் மறுநாள் மாலை வந்தார். வயதானவர். தெருவில் எல்லாப் பெண்களும் அவருக்குத் தங்கச்சிதான். முன்பு ஒருமுறை, கரண்ட் கூடுதலாக வருகிறது என்றார். அளந்து பார்த்துவிட்டு, சரியாகத்தான் வருகிறது என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை ஹோல்டரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று புது ஹோல்டர் மாட்டினார். இரண்டு முறை தப்பாகச் சொன்ன கூச்சம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"இந்தக் காலத்துல யாரு தங்கச்சி குண்டு பல்பு போடுறா?"

"அந்த வெள்ள வெளிச்சம் எனக்கு ஆகாது. நாள் முழுக்கக் கடையில அதுலதான் நிக்கிறேன்."

அவர் புது பல்பை மாட்டினார். எரிந்தது. ஏணியிலிருந்து இறங்குவதற்குள் மேலே ஆரம்பித்துவிட்டது. தட். சற்று இழுபடும் ஓசை. மறுபடி தட். பல்பு ஒயரோடு நடுங்க, சுவரில் வெளிச்சம் அலைந்தது.

"மேல யாரு?"

"எங்க அக்கா."

"என்னத்தப் போட்டு இடிக்கிறாங்க?"

"என்னைத்தான்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அம்மா மாடியில், விடியற்காலையில் இறந்துபோனாள். கீழே தூங்கிக்கொண்டிருந்த இவளை அக்கா எழுப்பவில்லை. குளிப்பாட்டிக் கிடத்தி, உறவுக்காரர்கள் வந்து கதவைத் தட்டியபோதுதான் இவளுக்குத் தெரிந்தது. "ராத்திரி லேட்டா ஷிப்ட் முடிச்சு வந்து படுத்திருந்தா. இனிமே எழுப்பி என்ன ஆகப்போகுது, கொஞ்சம் தூங்கட்டும்னு விட்டேன்" என்று அக்கா யாரிடமோ சொன்னது இவள் காதில் விழுந்தது. அந்தத் தூக்கத்தை இவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அக்காவின் மாடிப்படி வெளிப்பக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று. மாடியில் ஆள் இருப்பது குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தத்தில்தான் தெரியும். இந்த இடி மட்டும் சில மாதங்களாக. அதுவும் இவள் வந்து கேட்டைச் சாத்தி விளக்கைப் போட்ட பிறகு. வேண்டுமென்றேதான் செய்கிறாள், வேறென்ன?

வழக்கம்போல அவள் மூலையிலிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து, பல்புக்குப் பக்கத்திலேயே கூரையில் ஓங்கி மூன்று இடி இடித்தாள். மேலே சத்தம் நின்றது.

"அடிப்பாவி!" எலக்ட்ரீசியன் ஆடும் பல்பைக் கையால் பிடித்து நிறுத்தப் போய், சுட்டுக்கொண்டு விரலை உதறினார். "எரியிற கம்பி சூட்டுல இளகிக் கிடக்கும். அவங்க மேலேருந்து இடி, நீ கீழேருந்து இடி. நடுவுல மாட்டிக்கிட்டது என்னதான் பண்ணும்?"

தடுப்பதற்குள் வெளியே போய்ப் படியேறிவிட்டார். அவள் கம்போடு நின்றாள். மேலே ஏதோ பேச்சு, அவருடைய சிரிப்பு, நாற்காலி நகரும் ஓசை. அக்காவின் சிரிப்பும் கேட்டது. அதை அவள் மறந்தே போயிருந்தாள்.

திரும்பி வந்தவர் ஏணியை மடக்கவில்லை. அதன் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"உனக்கு ஒண்ணுமே தெரியாதா தங்கச்சி? உங்கக்கா கீழ விழுந்து இடுப்பு முறிஞ்சு, கம்பி வச்சிருக்காங்க. வாக்கர் புடிச்சுதான் நடக்கிறாங்க. அடியில ரப்பர் தேஞ்சு வெறும் இரும்பு நிக்குது."

"என்கிட்ட யாரு சொன்னா?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் காலைல போனா பொழுதுசாயத்தான் வர்றேன்."

"அதான். நீ கேட்டைச் சாத்துற சத்தம் கேட்டப்புறம்தான் எந்திரிக்கிறாங்களாம். விழுந்தா கேக்க ஆள் இருக்குல்ல."

அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ தட்டுறியே, அதுக்கு அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? 'ஒரு சுத்து ஆனதும் போதும், உக்காருன்னு தட்டுவா. பேச மாட்டா, ஆனா கணக்கா தட்டுவா'ங்கிறாங்க." அவர் தலையைச் சொறிந்தார். "நான் அவங்ககிட்ட இல்லன்னு எதையும் மாத்திச் சொல்லல. அது உங்க பாடு. ரப்பர் மாட்டினா பல்பு நிக்கும். சத்தமும் இருக்காது. வாங்கிட்டு வரட்டுமா?"

"நாளைக்குச் சொல்றேன்ணே" என்றாள்.

அவர் போன பிறகு கம்பைச் சுவரில் சாத்தினாள்.  என்ன சொல்வது? கோபத்தில் தட்டினேன் என்றா? அப்படிச் சொன்னால் அக்காவுக்கு இருந்த அந்த ஒரு துணையும் போய்விடும். சொல்லாவிட்டால் காலமெல்லாம் தான் அன்பாகத் தட்டியவளாகவே இருக்க வேண்டும். மேலே மறுபடி இரும்பு ஊன்றும் சத்தம் தொடங்கியது. இவள் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

கதவு திறந்திருந்தது. நீளமான அறை. அதன் பெரும்பகுதியில் நடமாட்டமே இல்லை. சன்னல் பக்கம் தூசி மெத்தென்று படிந்திருந்தது. கூடத்துக்கு நேர் மேலே மட்டும் தரையில் வட்டமாக ஒரு தடம், சிமெண்டு கீறி வெளுத்துக் கிடந்தது. அந்த வட்டத்தின் முடிவில், வாசலுக்கு முதுகைக் காட்டி அக்கா நின்றிருந்தாள். பின்னல் மெலிந்து கயிறாகியிருந்தது. நடக்கவுமில்லை, உட்காரவுமில்லை. இரண்டு கைகளாலும் இரும்பைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, தரைக்குக் காது கொடுத்துக் காத்திருந்தாள்.